கறையைப் பார்க்காதே, தரையைப் பார்

ஸ்ப்ரே பெயிண்டைத் துடைத்துத் தரச்சொல்லி வரும் போன்களுக்கு ஒரு பருவம் உண்டு. புரட்டாசி பிறந்தால் கொலுப்படிக்குத் தங்க நிறம் அடித்தவர்கள் கூப்பிடுவார்கள். ஆயுத பூஜை முடிந்ததும் வண்டிக்குப் புது நிறம் கொடுத்தவர்கள். டிசம்பரில் குடில் கட்டிய வீடுகள். தை பிறக்கும் முன் கேட், கிரில் அடித்தவர்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாக்காலத்தில் பெற்றோர்கள். நேரம் மாறினாலும் போனில் வரும் பேச்சு மட்டும் மாறுவதில்லை: "அண்ணே, தின்னர் போட்டுத் தேச்சுப் பாத்தோம். இன்னும் மோசமாயிடுச்சு."

திருச்சியில் பெயிண்டிங் வேலைதான் எனக்குத் தொழில். பெயிண்ட் அடிக்கக் கற்றவனுக்கு அதை எடுக்கவும் தெரிந்திருக்கும் என்று ஊர் நினைக்கிறது. அது உண்மையில்லை. எடுப்பது தனி வேலை. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் பாலக்கரைப் பக்கம் காருக்கு டக்கோ அடித்துக்கொண்டிருந்த ஒரு மேஸ்திரி. யாராவது கறை பட்ட பொருளைக் கொண்டுவந்தால் கறையை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். பொருளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். "கறையைப் பார்க்காதே, தரையைப் பார்" என்பது அவர் வாய்ப்பாடு. மேலே விழுந்தது எதுவாக இருந்தாலும் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். கீழே இருப்பதுதான் வீட்டுக்கு வீடு மாறும். எதை எடுக்கிறோம் என்பதைவிட எதைக் காப்பாற்றுகிறோம் என்பதே இந்த வேலை. என்னிடம் வரும் கேஸ்களில் பெரும்பாலும் பெயிண்ட் செய்த சேதத்தைவிட, அதைத் துடைக்கப்போய் வந்த சேதமே பெரிதாக இருக்கும்.

முதலில் அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1949-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எட்வர்ட் சீமோர் என்பவர், தான் தயாரித்த அலுமினியப் பூச்சை ரேடியேட்டர்களில் அடித்துக்காட்ட ஒரு வழி தேடி, பெயிண்டை அழுத்த டப்பாவுக்குள் அடைத்தார். யோசனை கொடுத்தவர் அவர் மனைவி. இன்றுவரை அடிப்படை அதேதான்: நிறமி, அதைப் பிடித்து ஒட்டவைக்கும் ரெசின், ரெசினைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான், எல்லாவற்றையும் வெளியே தள்ளும் வாயு. குலுக்கும்போது 'கடகட' என்று ஓடுவது அடியில் தங்கிய நிறமியைக் கலக்கிவிடும் குண்டு. அழுத்தியதும் கரைப்பானில் ஒரு பகுதி காற்றிலேயே பறந்துவிடுகிறது. அதனால் பக்கத்தில் அடித்த பெயிண்ட் ஈரமாக விழுந்து ஒட்டும். தூரம் போனது பாதி உலர்ந்த தூசியாகப் போய் உட்காரும். முன்னது கறை, பின்னது படிவு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கறையின் வகையைக் கண்டுபிடிக்க ஒரு துண்டுப் பஞ்சு போதும். கண்ணில் படாத ஓரத்தில் தின்னர் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்து எடுத்துப் பார்ப்பேன். நிறம் பஞ்சோடு வந்துவிட்டால் அது லாக்கர் வகை, அக்ரிலிக்காக இருக்கலாம். பத்து வருஷம் கழித்தும் கரைப்பான் பட்டால் திரும்ப இளகும். பஞ்சில் நிறம் வராமல் பெயிண்ட் மட்டும் சுருங்கி, தோல் மாதிரி எழும்பினால் அது எனாமல். எனாமல் வெறுமனே உலர்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. ஒரு நாளுக்குள் பிடித்தால் டர்பன்டைனில் போகும். வாரக்கணக்கில் இறுகிவிட்டால் கரையாது, ஊறும். ஊறவைத்துச் சுரண்டி எடுக்கவேண்டியதுதான். பஞ்சு வைத்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் ஹார்ட்னர் கலந்த பெயிண்ட் என்று பொருள். அப்போது வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன், இது சுலபமில்லை என்று.

ஆனால் அந்தப் பஞ்சை வைப்பதற்கு முன்னால் இன்னொரு பஞ்சு உண்டு. பெயிண்ட் படாத இடத்தில், அதே கரைப்பானை வைத்து, அடிப்பரப்பு தாங்குகிறதா என்று பார்ப்பது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

கண்ணாடியும் பளபளப்பு டைல்ஸும் தாங்கும். சோப்புத் தண்ணீர் தெளித்து, புது பிளேடைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் தள்ளினால் ஏடு ஏடாக வரும். மிச்சம் அசிட்டோனில் போய்விடும். டைல்ஸில் தொல்லை கொடுப்பது இரண்டு டைல்ஸுக்கு நடுவிலிருக்கும் சிமென்ட் கோடு. அது பெயிண்டைக் குடித்துவிடும். அதைத் தேய்த்துக்கொண்டிருக்காமல் சுரண்டியெடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புவதுதான் மரியாதை. சமையல்கட்டு கருப்பு கிரானைட்டும் அசிட்டோனுக்கு அசையாது. மார்பிளும் மொசைக்கும் அப்படியில்லை. கழிவறை ஆசிட்டை எடுத்து ஊற்றுகிறார்கள். ஆசிட் பெயிண்டைத் தொடாது. அடியிலிருக்கும் சுண்ணாம்புக் கல்லைத் தின்னும். பெயிண்ட் இருந்த இடம் காப்பாற்றப்பட்டு, சுற்றியிருக்கும் தரை சொரசொரத்துப் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்டீல் சிங்க்கில் இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் நாரின் துணுக்குகள் அங்கேயே தங்கித் துருப்பிடிக்கும். அலுமினிய ஜன்னலில் காஸ்டிக் சோடா பட்டால் உலோகமே கருத்து அரித்துப்போகும்.

பிளாஸ்டிக் என்பது ஒரு பொருளல்ல, ஒரு ஜாதிக்கூட்டம். நாற்காலி செய்யும் பாலிபுரொப்பிலீனில் பெயிண்ட் சரியாகப் பிடிக்கவே செய்யாது; நகத்தால் கிளப்பினாலே உரிந்துவரும். சுவிட்ச் போர்டு, டி.வி. உறை, ஹெல்மெட் கண்ணாடி இவையெல்லாம் வேறு இனம். அசிட்டோனோ தின்னரோ பட்டால் வெளுக்கும், இளகும், சிலது மறுநாள் மெல்லிய கோடுகளாக விரிசல் விடும். யு.பி.வி.சி. ஜன்னலும் இந்தப் பட்டியல்தான். இவற்றுக்கு நான் கொண்டுபோவது மொபைல் ரிப்பேர் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மெதுவாகத்தான் வேலை செய்யும். அந்த மெதுவுதான் அதன் நல்ல குணம். சுவிட்ச் போர்டு என்றால் மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும்.

ஸ்பிரிட் இனத்தைச் சேர்ந்த அதே ஆல்கஹாலைப் பழைய தேக்குக் கதவில் வைத்தால் கதை கந்தல். அந்தக் காலத்துப் பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது. ஸ்பிரிட் பட்டால் பெயிண்ட் போவதற்கு முன் பாலிஷ் போய்விடும். அங்கே டர்பன்டைன்தான் கை கொடுக்கும். அரக்கு அதில் கரையாது. ஒரு வீட்டில் சுவிட்ச் போர்டைக் காப்பாற்றிய மருந்து, இரண்டடி தள்ளியிருக்கும் கதவைக் கெடுத்துவிடும். மேஸ்திரி தரையைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

இந்த வேலையின் முழு ருசியும் தெரிந்தது காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டில். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடப்பட்ட பெரிய வீடு. அலங்காரம் செய்ய வந்த பையன்கள், பிளைவுட்டில் வெட்டிய மணமக்கள் பெயரெழுத்துகளைப் பட்டாலை எனப்படும் கூடத்தில் தரையோடு கிடத்தி, கீழே ஒரு காகிதம்கூட விரிக்காமல் தங்க ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். எழுத்துகளைத் தூக்கியதும் தரையில் தங்கப் புகை படர்ந்து, அதற்கு நடுவில் எழுத்து வடிவம் மட்டும் சுத்தமாகத் தெரிந்திருக்கிறது. பயந்துபோய்த் தின்னரை ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். கோடு கலங்கியதே தவிர தங்கம் போகவில்லை. நான் போய் நின்றதும் வீட்டு ஆச்சி சொன்னார்: "பொண்ணு மாப்பிள்ளை ஊருக்குப் போயாச்சு தம்பி. பேரு மட்டும் எந்திரிக்க மாட்டேங்குது."

தரை ஆத்தங்குடிக் கல். பார்க்கப் பளபளவென்றிருந்தாலும் அது சூளையில் சுட்ட ஓடல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் இட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைத்து இறுக்கிய கல். பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. நாள்பட நாள்படத் தேங்காய் எண்ணெயும் காலடியும் கூட்டியது. நிறம் இருப்பது மேலே மெல்லிய படலத்தில் மட்டும். உப்புத்தாள் போட்டால் பூ வேலைப்பாடு தேயும். ஆசிட் போட்டால் சிமென்ட் கரையும். பிளேடு போட்டால் கோடு விழும். தின்னர் விட்டுத் தேய்த்தால் என்ன ஆகும் என்று முன்னாலேயே காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்: ரெசின் கரைந்து, அதில் மிதந்த தங்கத் தூளைக் கல்லின் நுண்துளைக்குள் இறக்கிவிட்டது. தங்கம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் உலோகச் செதில்தான். கரைப்பானில் ரெசின் கரையும், செதில் கரையாது.

கீழே தள்ளியதை மேலே இழுக்க ஒரே வழி பற்றுப் போடுவது. கதவுக்குப் பின்னாலிருந்த ஒரு கல்லில் முதலில் அசிட்டோன் வைத்துப் பார்த்தேன். பஞ்சில் பழைய எண்ணெய்ப் பழுப்பு வந்தது, கல்லின் சிவப்பு வரவில்லை. சிமென்டில் கலக்கும் ஆக்சைடு நிறம் கரைப்பானுக்கு மசியாது. அது போதும். பட்டிக்குப் போடும் சாக் பவுடரில் அசிட்டோனை விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து, தங்கம் படர்ந்த இடத்தில் அரை விரல் கனத்துக்குப் பரப்பினேன். மேலே பாலிதீன் தாள், ஓரம் சுற்றிலும் டேப். காரைக்குடி வெயிலில் அசிட்டோன் நிமிடத்தில் பறந்துவிடும் என்பதால் பொழுது சாய்ந்த பிறகுதான் ஆரம்பித்தேன். காலையில் தாளை எடுத்துவிட்டுக் காயவிட்டால், மாவு உலர உலர உள்ளேயிருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். மரச் சட்டத்தால் தள்ளியபோது வெள்ளையாகப் போட்ட மாவின் அடிப்பக்கம் மங்கிய மஞ்சளாக வந்தது. ஆச்சி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மினுமினுத்தது.

ஒரே பற்றில் போகாது. திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு முறையும் நைலான் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரில் நீவி, துடைத்து, காயவிட்டு, கடைசியில் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தரை முழுக்க ஒரே மாதிரி தேய்த்தேன். கல்லும் கல்லும் சேரும் கோட்டில் ஒன்றிரண்டு இடங்களில் பொடி மினுக்கு தங்கிவிட்டது. அதையும் எடுக்கப்போனால் கல் போகும் என்று சொன்னேன். "இருக்கட்டும் தம்பி, கல்யாணம் நடந்த வீடுதானே" என்றார்.

தூரத்திலிருந்து வந்து படியும் தூசிக்கு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால், திருச்சியில் ஒரு தெருவில் நடந்த பஞ்சாயத்தைச் சொல்லவேண்டும். ஒரு தம்பி போர்ட்டிகோவில் பைக்கை நிறுத்தி சைலன்சருக்குக் கருப்பு அடித்திருக்கிறான். காற்று பக்கத்து வீட்டு வெள்ளைக் காரின் மேல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. கார்க்காரர் முழுக் காருக்கும் பெயிண்டுக்குப் பணம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கையில் ஒரு மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவினேன். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு பை மாட்டினால் தெரியும். பானட்டும் இடப்பக்கக் கதவும்தான் சொரசொரத்தன. மற்ற இடம் வழவழப்பு. சைலன்சருக்கு அடிக்கும் பெயிண்ட் சூடேறினால்தான் முழுசாக இறுகும். வண்டியை ஓட்டினால் சைலன்சரில் இறுகும். பக்கத்து வீட்டு பானட்டில் அந்தச் சூடு கிடைக்க வழியில்லை. காருக்கு வாட்டர்வாஷ் செய்பவர்கள் வைத்திருக்கும் களிமண் கட்டியை வாங்கிவரச்சொல்லி, ஷாம்பு தண்ணீரைத் தாராளமாக விட்டு, அழுத்தாமல் நேர்க்கோட்டில் ஓட்டினேன். வெள்ளைக் களிமண்ணில் கரும்புள்ளிகள் ஏறின. மடித்து மடித்துப் புது முகம் காட்டி ஓட்டவேண்டும். கீழே விழுந்தால் அந்தக் கட்டியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், மண் ஒட்டிய களிமண் காரைக் கீறிவிடும். சாயங்காலத்துக்குள் கார் சுத்தமாகிவிட்டது. அதே காரில் யாராவது தின்னர் துணி போட்டிருந்தால், கேட்ட பணத்தைக் கொடுத்துத்தான் தீரவேண்டியிருந்திருக்கும்.

எடுக்கவே கூடாத கறையும் உண்டு. காம்பவுண்ட் சுவரில் ராத்திரியோடு ராத்திரியாக அச்சுத்தகடு வைத்து 'போர்வெல்', 'செப்டிக் டேங்க் கிளீனிங்' என்று போன் நம்பரோடு அடித்துவிட்டுப் போவார்களே, அதைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் திறந்த இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிராக 1959-லிருந்தே சட்டம் இருக்கிறது. சுவர் இருக்கும் கோலம் நமக்குத் தெரியும். எமல்ஷன் அடித்த சுவரில் கரைப்பான் போட்டால் எழுத்தோடு எமல்ஷனும் குழையும். மேலே அப்படியே எமல்ஷன் அடித்தால், முக்கியமாகச் சிவப்பாக இருந்தால், சில நாளில் எழுத்து மேலே கசிந்து வந்து நிற்கும். உதிரும் இடத்தைத் தகட்டால் சுரண்டிவிட்டு, எழுத்தின் மேல் மட்டும் ஆயில் பிரைமர் போட்டு அடைத்து, காய்ந்ததும் அந்தப் பக்கச் சுவரை மூலையிலிருந்து மூலைவரை ஒரு கோட் அடித்துவிடவேண்டும். நடுவில் மட்டும் அடித்தால் திட்டு தெரியும். செங்கல் வெளியே தெரியும் சுவராக இருந்தால் பற்றுதான். மணல் வீசிச் சுத்தம் செய்கிறேன் என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சுட்ட செங்கல்லின் கெட்டியான மேல்தோல் போனால், அப்புறம் ஒவ்வொரு மழையும் உள்ளே இறங்கும். கோயில்களில் மணல் வீச்சால் கல்வெட்டும் சிற்பமும் தேய்ந்தன என்று ஆய்வாளர்கள் குரல் கொடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

உயிர் சம்பந்தப்பட்ட சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். அசிட்டோன் ஆவி சுமார் -20 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் தன்மையுள்ளது. நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அசிட்டோனோ தின்னரோ, ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு தவழ்ந்து அடுத்த அறைக்குப் போகும். சாமி விளக்கை மலையேற்றி, கேஸ் சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டுத்தான் நான் பாட்டிலைத் திறப்பேன். வேலை நடக்கும்போது எந்த சுவிட்சையும் தட்டவிடமாட்டேன். துணி மாஸ்க் தூசிக்குத்தான், ஆவியை நிறுத்தாது. கரி அடைத்த மாஸ்க் வேண்டும். ரிமூவர் டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்றிருந்தால் மூடிய அறையில் தொடவே வேண்டாம். அது உடம்புக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான அந்த வகை ரிமூவர்களை 2019-ல் தடைசெய்துவிட்டார்கள். பழைய கேட்டில் விழுந்த ஸ்ப்ரேயை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சின் தூசி பிள்ளைகளுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கசடைத் துடைத்தெடுத்துவிட வேண்டும். குழந்தையின் கையில் பட்ட பெயிண்டுக்குத் தேங்காய் எண்ணெயும் சோப்பும் போதும். தின்னர் துணியோடு பிள்ளையைத் துரத்தும் அம்மாக்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஸ்ப்ரே அடிக்கும் முன் பொருளைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆறடிக்குப் பழைய பேப்பரோ பாலிதீனோ விரியுங்கள், காற்றடிக்கும் நேரத்தைத் தவிருங்கள். அதையும் மீறி விழுந்துவிட்டால், அவசரத்தில் கையில் கிடைத்ததை ஊற்றித் தேய்க்காதீர்கள். அடியில் இருப்பது என்ன என்று பாருங்கள்; ஓரத்தில் ஒரு பஞ்சு வைத்துப் பாருங்கள்; லேசான மருந்தில் ஆரம்பியுங்கள். சந்தேகமாக இருந்தால் தொடாமல் விட்டுவிட்டு, தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். அப்படியே விட்ட கறையை நாளைக்கும் எடுக்கலாம். தேய்ந்துபோன தரையை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.